கலாவதி சத்தமாகப் பாடிய சனிக்கிழமை

"நிறுத்து கண்ணு, நிறுத்து! ஸ்பீக்கர் போச்சு!"

கத்திக்கொண்டே ஓட்டல் புல்வெளியின் குறுக்கே ஓடினேன். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறு கையில் டீ டம்ளர். மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது டீ டம்ளரில் இல்லை, என் வேட்டியில் இருந்தது.

மேடையில் கலாவதி நின்றிருந்தார். கழுத்தில் புதிதாக ஒரு கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார். ஒரே ஒரு தடவைதான் கம்பிகளை மேலிருந்து கீழே இழுத்துவிட்டிருந்தார். அதற்கே என் பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டும், தகரக் கூரையில் ஜல்லி கொட்டின மாதிரி 'கர்ர்ர்ர்' என்று அலறின. சில்வர் ஓக் மரத்தில் அடைய வந்த காக்கைகள் மொத்தமும் எழும்பி, ஏரிப் பக்கம் போய்விட்டன.

"போகலீங்ணா," என்று மைக்கிலேயே சொன்னார் கலாவதி. "அது அப்புடித்தானுங்க வேணும்."

"எது, இந்தக் கரகரப்பா?"

"ஆமாங்ணா. அதுக்குன்னே தனியா ஒரு டப்பா வாங்கியிருக்கேன், பாருங்க." காலடியில் கிடந்த சின்ன இரும்பு டப்பாவைக் கட்டை விரலால் காட்டினார். அதை மிதித்தால் கிட்டார் கரகரக்கும். மறுபடி மிதித்தால் சாதுவாகிவிடும்.

நான் மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னுடைய நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், எனக்கும் கரகரப்புக்கும் உள்ள பழைய பகையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தொண்டை கட்டின பெட்டிகள்

இந்தப் பக்கங்களை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், நான் ஏற்காட்டில் மைக் செட் வைத்துப் பிழைத்தவன். கீழே சேலத்திலிருந்து மேலே வந்தவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று இந்த மலையில் யார் குரலை உயர்த்த வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

மலையில் இந்தத் தொழிலுக்கு எதிரி பனி. அது மைக்குக்குள் போய் உட்காரும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறிப்போகும். அப்புறம் யார் பேசினாலும் ஜலதோஷம் பிடித்தவர் பேசுவது போலவே கேட்கும். நான் பெட்டிகளுக்குத் துண்டு போர்த்தி வைப்பேன். மைக்கைச் சமையல்காரர் அடுப்பருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் குளிர்காய வைப்பேன். வறுத்த மிளகாயும் சாம்பாரும் மணக்கிற மைக்கில் எத்தனையோ பேர் வாழ்த்துரை வழங்கியிருக்கிறார்கள்.

அத்தனையும் மீறிக் கரகரப்பு வந்துவிட்டால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? "ஏனுங்க மைக் செட்டு, உங்க பொட்டிக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்களா?" என்பார்கள். வெள்ளக்கடையில் ஒரு கல்யாணம். ஐயர் மந்திரம் சொல்ல, என் ஸ்பீக்கர் சொந்தமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பெண்ணைப் பெற்றவர் என்னிடம் வந்து மிகப் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, அவரு மந்திரம் சொல்றாருங்களா, மாவு அரைக்கறாருங்களா?"

இப்படி ஜனங்கள் சொன்னதையெல்லாம் மனதில் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனையோ ஆம்ப்ளிஃபயர்கள் வந்து போய்விட்டன, அந்தப் பேச்சுகள் மட்டும் பழுதாகவே இல்லை.

ஆக, என் ஆயுசின் பெரும் பகுதியை நான் கரகரப்பைத் துரத்துவதில் கழித்திருக்கிறேன். சால்டரிங் புகையில் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, ஒரு பெண்பிள்ளை அதே கரகரப்பைக் கடையில் டப்பாவாக வாங்கி வந்திருக்கிறேன் என்கிறார். அதுவும் யார்? கலாவதி!

வெயிலில் கிடந்த பாறை

கலாவதிக்குச் சொந்த ஊர் கொட்டச்சேடு. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு உள்ள குடும்பம். அவர் டவுனில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அங்கே பாட்டு அறையில் கம்பி அறுந்த கிட்டார் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. மீதியிருந்த கம்பிகளிலேயே தானாகத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். அப்புறம் தானே பாட்டுக் கட்டினார். அப்புறம் இந்த ஓட்டல் புல்வெளியில் சனிக்கிழமை தோறும் பாட ஆரம்பித்தார். மைக் செட் நான்.

அந்தக் குரலுக்கு நான் வைத்த பெயர் மெத்தைக் குரல். மிக்ஸரில் எதையும் திருக வேண்டியதில்லை. கிட்டார் மெதுவாக, பின்னால் டிரம்ஸ் அதைவிட மெதுவாக. விவரம் தெரிந்த ஓர் ஓட்டல் விருந்தாளி, "இதுக்குப் பேரு சாஃப்ட் ராக்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ராக் என்றால் பாறை என்கிற அளவில்தான் இங்கிலீஷ். பாறையில் மெத்தென்ற பாறை ஏது என்று கலாவதியிடமே கேட்டேன்.

"வெயில்ல கிடந்த பாறைங்ணா. சாயங்காலம் போயி உக்காந்தா இதமாச் சூடா இருக்குமில்லீங்க, அது," என்றார்.

அப்படி இரண்டு ஆல்பம் போட்டார். அதில் 'பாத்து எறங்கு' என்ற பாட்டு மலை முழுக்கப் பரவியது. எங்கள் ஊரில் யாரையாவது வழியனுப்பும்போது 'போய்ட்டு வாங்க' என்று சொல்வது குறைவு. 'பாத்து எறங்குங்க' என்போம். கீழே போகிற சாலை அப்படி. கொண்டை ஊசி வளைவுகள், பனி, லாரி. அந்தச் சொல்லைத்தான் பாட்டின் முதல் வரியாக வைத்திருந்தார். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் அதைக் கேட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்வார்கள்.

பாராட்டுக்குக் குறைவே இல்லை. மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற சின்னையன் சொன்னார்: "கலாம்மா, வளைவுல உங்க பாட்டப் போட்டா ஒருத்தரும் வாந்தி எடுக்கறதில்லீங்க. எலுமிச்சம்பழச் செலவே மிச்சம்." சேலத்தில் பல் பிடுங்குகிற டாக்டர் ஒருவர், மரத்துப்போக ஊசி போட்டதும் இந்தப் பாட்டைத்தான் போடுகிறாராம். புல்வெளியில் ஒரு தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கூட்டுப் பாப்பா ரெண்டாவது வரிக்கே தூங்கிருதுங்க மேடம்."

கலாவதி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "நொம்பச் சந்தோசமுங்க."

ஒருநாள் கச்சேரி முடிந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணா, ரெண்டாவது வரியில தூங்கிட்டா, மூணாவது வரி யாருக்குங்ணா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏறி வந்தவர்கள்

ஊரடங்கு வந்தது. ஓட்டல் கேட்டுகளில் சங்கிலி விழுந்தது. விடுதியில் பிள்ளைகள் இல்லை, அதனால் கலாவதிக்கு அந்த வேலையும் இல்லை. என் கூம்பு ஸ்பீக்கர் மட்டும் ஓர் ஆட்டோவில் ஏறிக் கை கழுவச் சொல்லி ஊரெல்லாம் சுற்றியது.

அந்த நாட்களில் ஒரு காட்சி. பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கிப் போனவர்கள் எல்லாம் திரும்பி ஏறி வந்தார்கள். திருப்பூரிலிருந்து, பெங்களூரிலிருந்து. பஸ் இல்லை. டூவீலரில் மூன்று பேராக வந்தார்கள், காய்கறி வண்டியில் வந்தார்கள், மூட்டையைத் தலையில் வைத்து வளைவு வளைவாக நடந்தே வந்தார்கள். கொட்டச்சேட்டில் பல வீடுகளில் வருஷக்கணக்காகப் பார்க்காத பிள்ளையைப் பார்த்துச் சோறு வடித்தார்கள்.

கலாவதிக்கு ஒரு தம்பி உண்டு. பல வருஷம் முன்னால் அப்பாவோடு ஏதோ வாக்குவாதம், விடியற்காலையில் காப்பி லோடு ஏற்றின லாரியில் ஏறித் திருப்பூருக்குப் போய்விட்டான். முதலில் சில தடவை போன் வந்தது. அப்புறம் அந்த நம்பர் அடிக்கவே இல்லை. 'அவன் பேரை இந்த ஊட்டுல யாரும் எடுக்கக் கூடாது' என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வீட்டில் பழக்கம் மாறவில்லை. 'தம்பி' என்றுகூடச் சொல்லமாட்டார்கள், 'அவன்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

ஊரடங்கில் ஒரு சாயங்காலம் அரிசி வாங்கித் திரும்பும்போது, கொட்டச்சேடு திருப்பத்தில் கலாவதி தனியாக நிற்பதைப் பார்த்தேன். "என்ன கண்ணு, இங்க நிக்கற?" என்றேன்.

"டவர் கிடைக்குமுன்னு நிக்கறேனுங்ணா."

அவர் கையில் போன் இல்லை.

எல்லார் வீட்டுக்கும் ஆள் வந்தது. அந்த வீட்டுக்கு வரவில்லை.

மெசினைத் தாண்டி ஒரு குரல்

அந்த வருஷக் காப்பி அறுப்பின்போது நான் கொட்டச்சேடு போனேன். தோட்டத்துப் பாதையில் இறங்கும்போதே யாரோ பயங்கரமாகச் சண்டை போடுகிற சத்தம். கூடவே ஒரு மோட்டார் இரைச்சல். விலக்கிவிடலாம் என்று வேகமாக நடந்தேன்.

போய்ப் பார்த்தால் சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. களத்தில் பல்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. பல்பர் என்பது பழுத்த காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியே தள்ளுகிற மெசின். ஒரு பக்கம் வழவழவென்று கொட்டை விழும், இன்னொரு பக்கம் சிவப்புத் தோல் குவியும். அந்தத் தோல் கிடந்து புளிக்கிற வாடை இருக்கிறதே, நாலு நாள் ஆனாலும் சட்டையை விட்டுப் போகாது.

கலாவதி மெசினுக்குப் பக்கத்தில் நின்று கூடை கூடையாகப் பழம் கொட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைக்க, அடி வயிற்றிலிருந்து. மெத்தையும் இல்லை, பஞ்சும் இல்லை. களத்தின் அந்தக் கோடியில் கொட்டை அலசிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்கள்.

மோட்டாரை நிறுத்தியதும், "தொண்டை என்னத்துக்கு ஆகும் சாமி?" என்றேன்.

"மெதுவாப் பாடினா எனக்கே கேக்கலீங்ணா," என்றார். முகமெல்லாம் வேர்வை. விரல்களில் பிசுபிசுவென்று பழச்சாறு. "மெசினத் தாண்டிப் போகோணுமுன்னு பாடிப் பாத்தேன். போகுதுங்ணா!"

நெடு நாள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தது அந்த முகம்.

பல்பு வந்த கதை

பிறகு நடந்தது ஆல்பம். பள்ளிக்கூடத்தில் பேண்டு சொல்லிக் கொடுத்து ரிட்டையரான சேவியர் சார்தான் டிரம்ஸ், அவருடைய லேப்டாப்தான் ஸ்டூடியோ. காப்பிக் குடோனில் சுவரெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு, எதிரொலி இல்லாமல் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு மோட்டார் ஓடுகிற சத்தத்தோடு ஆரம்பிக்கும். ஆல்பத்துக்குப் பெயர் 'பல்பர்'.

அப்படியானால் கரகரப்பு முன்னமே உனக்குத் தெரிந்திருக்குமே, எதற்கு ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். நான் மைக் மட்டும் கொடுத்தேன், பதிவுக்குப் போகவில்லை. ஆல்பத்தைக் கேட்டது என் போனில். என் போன் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர்த் தொட்டியில் குளித்து எழுந்தது. அதில் சுப்ரபாதம் போட்டாலும் கரகரவென்றுதான் இருக்கும். ஆகவே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஃபிளெக்ஸ் அடிக்கச் சேலத்துக்குச் சொல்லியிருந்தோம். அங்கே இருந்தவருக்குப் பல்பர் என்றால் என்னவென்று தெரியவில்லை. பிழை என்று நினைத்து அக்கறையாகத் திருத்தி, 'கலாவதியின் புதிய பல்பு' என்று பெரிதாக அடித்து அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அதைப் பிரித்ததும் டீக்கடை ராமசாமி, "ஏங்கண்ணு, இத்தன நாளா நாங்கதான் பல்பு வாங்கினோம், இப்ப நீயே விக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டே சிரித்தது. கலாவதியும் சிரித்தார். நான் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி ஒட்டி ஒருவழியாகப் 'பு'வைப் 'பர்' ஆக்கினேன்.

ஆனால் ஆல்பத்தைக் கேட்டவர்கள் சிரிக்கவில்லை, கவலைப்பட்டார்கள். "தொண்டைக்கு என்னாச்சு கண்ணு, மிளகுக் கசாயம் வெச்சுத் தரட்டுமா?" என்றார் ராமசாமி. ஜீப் சின்னையன் இன்னும் வெளிப்படையானவர். "கோவிச்சுக்காதீங்க கலாம்மா. உங்க புதுப் பாட்டப் போட்டேன். மூணாவது வளைவுலயே ரெண்டு பேரு தலைய வெளிய நீட்டிட்டாங்க."

மறுபடி திறந்திருந்த ஓட்டலின் மேனேஜர் பாஸ்கரன் கறாராகவே சொல்லிவிட்டார். கீழே சேலத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் எந்த நேரமும் முதலாளி போன் அடிப்பார் என்கிற முகம். "மேடம், இங்க வர்றவங்க நிம்மதிக்கு வர்றாங்க. சனிக்கிழமை பழைய பாட்டு மட்டும் பாடுங்க. புதுசப் பாடினீங்கன்னா அடுத்த வாரத்துக்கு நான் கீபோர்டுக்காரரக் கூப்பிட வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

விடுதி வேலை போய்விட்டது. கலாவதி மேடையேறிப் பாட மலையில் மிச்சமிருந்தது அந்த ஓர் இடம்தான். அதை இழந்தால் கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"என்ன கண்ணு செய்யப்போற?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை, ஆளுங்க முன்னாடி, முழிச்சிட்டு இருக்கறப்பப் பாடிப் பாத்தர்றேனுங்ணா. அப்புறம் என்னமோ ஆகட்டும்."

சமாதானத் திருகு

மறுபடி அந்தப் புல்வெளிக்கு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, கரகரப்ப எவ்வளவு வெக்கோணும், சொல்லு," என்றேன். எந்த வாடிக்கையாளரிடமும் அதுவரை நான் கேட்காத கேள்வி.

"ஸ்பீக்கரு தாங்கற வரைக்குமுங்ணா."

பொழுது சாய்ந்தது. ஸ்வெட்டர் போட்ட குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. மங்கி கேப் போட்ட தாத்தாக்கள். தோளில் தோள் சாய்க்கத் தயாராக ஜோடிகள். மிளகாய் பஜ்ஜி வாசனை. விளக்குகளைச் சுற்றிப் பனி மஞ்சளாக நின்றது.

சேவியர் சார் குச்சிகளைத் தட்டினார். கலாவதி டப்பாவை மிதித்தார். 'பல்பர்' ஆரம்பித்தது.

முன்வரிசையில் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜி பாதி வழியில் நின்றது. ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தது. தாத்தா ஒருவர் மங்கி கேப்பை இன்னும் கீழே இழுத்துவிட்டார். பாஸ்கரன் ஓடி வந்தார்.

"அண்ணா, கொறைங்க! கொறைங்க!"

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். அனுபவப்பட்ட மைக் செட்காரர் மிக்ஸரில் ஒரு திருகு உண்டு. அதற்குச் சமாதானத் திருகு என்று பெயர். அது எந்த வயரோடும் சேர்ந்திருக்காது. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் சத்தத்தைக் கூட்டு என்பார், அதே நேரம் இன்னொரு பெரியவர் குறை என்பார். இரண்டு பேர் கண் முன்னாலும் அந்தத் திருகைத்தான் திருகுவோம். இரண்டு பேரும் திருப்தியாகப் பந்திக்குப் போய்விடுவார்கள்.

நான் அதைப் பிடித்து நன்றாக இடப்பக்கம் திருகினேன். "இப்பச் சரியாங்களா?"

பாஸ்கரன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ம்... இப்பப் பரவால்ல."

இரண்டாவது பாட்டிலும் வந்தார், திருகினேன், போனார். மூன்றாவது பாட்டில் வந்தபோது என் விரலையே உற்றுப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இந்தத் திருகு எதுலயாவது சேந்திருக்குதுங்களா?"

"மனசுல சேந்திருக்குதுங்க," என்றேன்.

முறைத்துவிட்டு மேடைப் பக்கம் நடந்தார். அதற்குள் இரண்டு குடும்பங்கள் எழுந்து போயிருந்தன. ஜோடிகளில் பாதி இல்லை.

அதே பாட்டு

மூன்றாவது பாட்டு முடிந்தது. கைதட்டல் பஜ்ஜித் தட்டு வைக்கிற சத்தத்தைவிடக் குறைவு. அப்போது முன்வரிசைக்காரர் எழுந்து நின்று, "மேடம், மெலடி ஒண்ணு! 'பாத்து எறங்கு' பாடுங்க!" என்றார். உடனே நல்ல கைதட்டல். பாஸ்கரன் தலையைப் பலமாக ஆட்டினார், அதுவே உத்தரவு மாதிரி.

கலாவதி கிட்டார் வாரைச் சரிசெய்துகொண்டார்.

"பாடறேனுங்க," என்றார்.

அவ்வளவுதான், விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்குள் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் துக்கம். பழைய பாட்டுக்கு ஏற்றபடி சத்தத்தை இறக்கக் கையைக் கொண்டுபோனேன். கலாவதி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. டப்பாவை மிதித்தார்.

அந்தப் பாட்டை அப்படி யாரும் கேட்டதில்லை. கொட்டச்சேட்டுக் களத்தில் மெசினைத் தாண்டிப் போன அதே குரல். 'பாத்து எறங்கு' என்பது கொஞ்சலாக இல்லை. வளைவில் இறங்குகிற லாரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே ஒருத்தி கத்துகிற மாதிரி இருந்தது. முதல் அடி போனது. இரண்டாவது அடி போனது. வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஒரு போனும் உயரவில்லை. மூன்றாவது அடியிலிருந்து இப்படி வந்தது.

உன் தட்டைக் கழுவி வெச்சேன், யாரும் தொடல
உன் பேரை நம்ம ஊட்டுல யாரும் சொல்லல
ஏறி வந்த வண்டியெல்லாம் எண்ணிப் பாத்தேன்
நீ எறங்கிப் போன வண்டி மட்டும் ஏறல

எத்தனை சனிக்கிழமை இந்தப் பாட்டுக்குச் சத்தம் வைத்திருப்பேன்! எந்த எழுத்தில் மைக் 'புஸ்' என்று ஊதும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சொல் என்னவென்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. தம்பியைப் பற்றிய பாட்டு. அவன் போன கொஞ்ச காலத்திலேயே கட்டியது. ஊரடங்கில் அந்தத் திருப்பத்தில் வந்து நிற்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, அவர் பாட்டில் வந்து நின்றுவிட்டார்.

சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு இரண்டு பேர் நின்றார்கள். தட்டு எடுக்கிற கொட்டச்சேட்டுப் பெண் ஒருத்தி தோட்டக்காரரிடம், "அது இவங்க தம்பியப் பத்தின பாட்டுங்க. நான் இத்தன நாளும் பொண்டாட்டி புருசனுக்குப் பாடறதுன்னு நெனச்சேன்," என்றாள்.

பாட்டு முடிந்தது. அங்கங்கே தட்டினார்கள். முன்வரிசைக்காரர் தட்டவே இல்லை. பஜ்ஜித் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி

புல்வெளி காலியானது. பனி நன்றாக இறங்கிவிட்டது. பெட்டிகளுக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தேன். கலாவதி மேடை விளிம்பில் உட்கார்ந்து கிட்டார் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சேவியர் சார் சுக்குக் காப்பி தேடிச் சமையல்கட்டுக்குப் போயிருந்தார்.

பாஸ்கரன் வந்தார்.

"மேடம், அடுத்த சனிக்கிழமை வேண்டாமுங்க. ஓனர் போன் பண்ணிட்டாரு. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

"சரிங்க."

அவர் சொன்னபடியே மறு வாரம் கீபோர்டுக்காரர் வந்தார். இன்றைக்கும் அங்கே கீபோர்டுதான், அதற்கும் மைக் செட் நான்தான். கலாவதிக்கு அந்தப் புல்வெளி திரும்பக் கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டுமல்லவா?

ஆனால் அன்றைக்குப் பாஸ்கரன் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஷூ முனையால் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றார். கலாவதி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க..." என்று இழுத்தார் பாஸ்கரன். "அந்தப் பாட்டுல எறங்கிப் போனவரு... அப்புறம் வந்தாருங்களா?"

கலாவதி துணியை மடியில் வைத்தார்.

"இல்லீங்க. இன்னும் வரல."

"உங்களுக்கு என்ன ஆகோணுமுங்க?"

"தம்பிங்க."

பாஸ்கரன் ஒரு நாற்காலியை மேடையை ஒட்டி, மைக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். நனைந்திருந்த மெத்தையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எந்த ஊருக்குப் போனாப்புல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஸ்பீக்கரில் எதிரொலித்தது. அப்போதுதான் கவனித்தேன், மேடை மைக்கை நான் அணைக்கவில்லை. அவசரமாக மிக்ஸருக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"மைக்கு ஆன்லயே இருக்குதுங்களாண்ணா?" என்றார் கலாவதி.

"ஆமா கண்ணு. இதோ, அணைச்சர்றேன்."

சமையல்கட்டு வாசலில் நின்றவர்கள் இன்னும் உள்ளே போயிருக்கவில்லை. கொட்டச்சேட்டுப் பெண் அடுக்கின தட்டுகளோடு நடுப் புல்வெளியில் நின்றிருந்தாள். கலாவதி அவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"இருக்கட்டுங்ணா," என்றார்.

கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பழைய குரலில், மெதுவாக, ஒரு கரகரப்பும் இல்லாமல் பேச ஆரம்பித்தார்.

"முருகேசன்னு பேருங்க அவனுக்கு."